பயற்றுமாவுத் தொழில்

(சேத்தியாத்தோப்பில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இவ்வவையின்கண் சில சொற்கள் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். கல்வியின் பெருமையையும் ஒற்றுமையின் இன்றியமையாமையையும் பற்றி என்னினும் மிக்க அறிஞர் பலர் இம்மேடையில் முன்னரே பேசியிருக்கின்றனர். யான் பல்கலைக்கழகத்திற் பயின்றவன் அல்லேன். என் கல்வியெல்லாம் மாவரைக்கும் இயந்திரத்தின் அருகில் நின்று பெற்றதே. ஆதலின், எனக்குத் தெரிந்த பொருளாகிய மாவைப் பற்றியே பேசத் துணிந்தேன். பெருங்கூட்டத்திற் பேசுவதற்கு இது மிகச் சிறிய பொருளன்றோ எனச் சிலர் கருதலாம். சிறிய பொருள்தான். ஆயினும், நம் வீட்டுப் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் பிழைப்பதா, அன்றி வெளியூர்ப் பேருந்தில் ஏறுவதா என்னும் பெரிய வினாவிற்கு இச்சிறிய பொருள் ஒரு பகுதி விடையாகும் என்பது என் துணிபு.

நம் மண்ணின் பயிர்

நம் சேத்தியாத்தோப்பின் நிலை தாங்கள் அறியாததன்று. ஒருபுறம் வெள்ளாறும் அதன் அணைக்கட்டும்; மற்றொருபுறம் வீராணத்து ஏரி. சென்னையினின்று கும்பகோணம் செல்லும் பெருஞ்சாலையும், சிதம்பரம் விருத்தாசலம் செல்லும் சாலையும் நம் குறுக்குரோட்டிற் சந்திக்கின்றன. சம்பா நெல் அறுவடையாகும் தை மாதத்தில், அறுப்பதற்கு ஏழு பத்து நாட்களுக்கு முன்னரே, நிற்கும் நெற்பயிருக்கு இடையில் உளுந்தையும் பச்சைப் பயற்றையும் நம் உழவர் விதைக்கின்றனர். நெல்லுக்கு விட்ட நீரின் ஈரமும், இரவிற் பெய்யும் பனியுமே அப்பயிருக்குப் போதும். வேறு உழவில்லை, பெரும் உரச்செலவில்லை. எழுபது, எழுபத்தைந்து நாட்களிற் காய் முற்றிவிடும். அதன் வேரிலுள்ள முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிற் சேர்த்து அடுத்த நெல்லுக்கும் உதவுகின்றன. நெல் வயிற்றுக்கு, உளுந்து கைக்கு என்று நம் முன்னோர் வாழ்ந்தமை இப்பயிரினாலேயாம்.

இக்காலத்தில் இதற்கும் இடையூறு நேர்ந்துள்ளது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும்பொழுது முளைத்த உளுந்து நசுங்கிப்போகின்றது. ஆதலின், அறுத்தபின் விதைப்போர் ஈரத்தை இழக்கின்றனர். முன்னர் விதைப்போர் பயிரை இழக்கின்றனர். இவ்விரண்டுக்கும் தப்பி வீடு வந்து சேர்ந்த உளுந்தையாவது நாம் நன்கு பயன்படுத்துகின்றோமா? இல்லை.

பங்குனி சித்திரையில் உளுந்து களத்திற்கு வருகின்றது. அப்பொழுது எல்லார் வீட்டிலும் உளுந்து, எல்லார்க்கும் பணமுடை. கடன் கொடுத்தவர் வாயிலில் நிற்கின்றார். வந்த விலைக்கு விற்றுவிடுகின்றோம். ஆறு மாதங் கழித்து, ஐப்பசியில், அதே வீட்டுப் பெண்மணி முறுக்குச் சுடுவதற்காக மளிகைக் கடையில் பளபளக்கும் உறையிலிட்ட உளுத்தமாவை வாங்குகின்றார். அவ்வுறையின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தால், நூறு காதத்திற்கு அப்பாலுள்ள ஓர் ஊரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கின்றது. நம் வீராணத்து நீர் 2004-ஆம் ஆண்டு முதல் குழாய் வழியே சென்னைக்குச் செல்கின்றது. அது பிறர் தாகம் தீர்க்கும் அறம், குறை கூறுவதற்கில்லை. ஆனால், தானியமும் போய், அதனை அரைக்கும் கூலியும் போய், அதனை விற்கும் இலாபமும் போய், இறுதியில் நம் பிள்ளைகளும் போவாராயின், ஊரில் எஞ்சுவது யாது? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்னும் பழமொழியை நாம் பெருமூச்சுடன் சொல்லிப் பழகிவிட்டோம். உழக்கு ஏன் மிஞ்சவில்லை என்று கணக்கைத் திறந்து பார்த்தோமில்லை.

சிறு முதலாற் பெருகிய தொழில்கள்

பெருமுதல் வேண்டுமே என அஞ்சுவோர்க்கு இரண்டு வரலாறுகளைக் கூறுவேன்.

1959-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், பம்பாய் நகரத்துக் கிர்காம் பகுதியில், ஒரு குடியிருப்பின் மாடியில் ஏழு பெண்கள் கூடி உளுத்தமாவினால் அப்பளம் இட்டனர். அவர்கள் கைம்முதல் கடனாகப் பெற்ற 80 ரூபாய். முதல் நாள் செய்தவை நான்கே கட்டுகள். நன்கொடை வாங்குவதில்லை என உறுதிகொண்டு, நட்டத்தையும் இலாபத்தையும் தமக்குள்ளே பகிர்ந்துகொண்டனர். அதுவே இன்று நாடெங்கும் பல்லாயிரம் பெண்கள் பங்காளிகளாயுள்ள லிஜ்ஜத் அப்பள நிறுவனம். அவ்வெழுவருள் ஒருவராகிய ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மையாருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர்களுடைய முறையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மாவை ஓரிடத்திலேயே பிசைந்து, ஒரே அளவாகப் பகிர்ந்து கொடுப்பர். பெண்கள் தத்தம் வீட்டில் அப்பளம் இட்டுக் கொணர்வர். கைகள் பலவாயினும் சுவை ஒன்றாயிருத்தற்குக் காரணம் அதுவே.

இரண்டாவது, நம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. பெருந்துறையைச் சார்ந்த துரைசாமி என்னும் இளைஞர் மஞ்சள் வாணிகம் செய்துவந்தார். சிறிய அளவில் மஞ்சளைத் தூளாக்கி விற்கத் தொடங்கி, பின்னர் மிளகாய், மல்லி எனப் பெருக்கினார். சக்தி மசாலா என்னும் பெயரை இன்று அறியாத அடுக்களை இல்லை. கிழங்காக விற்றவர் தூளாக விற்கத் துணிந்ததே அவ்வளர்ச்சிக்கு வித்து. நாமோ இன்னும் கிழங்கு விற்கும் நிலையிலேயே நிற்கின்றோம்.

எதனை முதலில் அரைப்பது?

இளைஞர் பலர் இத்தொழிலைத் தொடங்குங்கால் வெள்ளை உளுத்தமாவையே நினைக்கின்றனர். அங்கேதான் முதற்பிழை. உளுந்தின் தோல் எளிதில் நீங்குவதன்று. தோலுக்கும் பருப்பிற்கும் இடையே பசைப்பொருள் உண்டு. ஆலைகளில் உருளைக் கல்லினால் தோலைக் கீறி, சிறிது எண்ணெய் தடவி, வெயிலில் உலர்த்தி, மீண்டும் மீண்டும் உருளையிலிட்டே தோல் நீக்குகின்றனர். அதற்கு இயந்திரமும் பயிற்சியும் வேண்டும். இவை இல்லாதான் கையில் உளுந்து பாதி குருணையாகிவிடும்.

ஆதலின், முதலில் தோலுடன் கூடிய கறுப்பு உளுந்தை வறுத்தரைத்த களிமாவையே யான் பரிந்துரைப்பேன். பூப்பெய்திய பெண்ணுக்கும், மகப்பேறுற்ற தாய்க்கும், இடுப்பு வலுக்க வேண்டுமென நம் பாட்டிமார் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய உளுத்தங்களியை அறியாதார் யார்? உளுந்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பங்கு புரதம் உளது. கொழுப்போ மிகக் குறைவு. கிண்டத் தெரிந்த பாட்டியர் குறைந்துவிட்டனர்; உண்ண வேண்டிய பெண்கள் குறையவில்லை. வறுத்து அரைத்துப் பக்குவமாகக் கொடுப்பாருண்டாயின் வாங்குவாருண்டு.

இரண்டாவதாகப் பயற்றமாவைக் கொள்ளலாம். உருண்டைக்கும் கஞ்சிக்கும் அது சிறந்தது. அதனையே நீராடுதற்குரிய மாவென்று உறையில் அச்சிட்டு விற்பவர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். உண்பதற்கு ஒரு சட்டம், உடலிற் பூசுவதற்கு வேறொரு சட்டம். பின்னதற்கு 1940-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருட்சட்டத்தின்படி தனி உரிமம் வேண்டும்.

கடலைமாவைத் தொடக்கத்தில் தொடாதிருப்பதே நலம். கடலை நம் வயலில் விளைவதன்று. அன்றியும், அம்மாவில் கேசரிப் பருப்பைக் கலக்கும் தீயோர் நாட்டில் இருந்துவருகின்றனர். கேசரிப் பருப்பை நெடுங்காலம் மிகுதியாக உண்டார்க்குக் கால்கள் முடங்கும் நோய் வரும். வெளியிற் பருப்பு வாங்கி அரைப்பவன், தான் அறியாமலே அப்பாவத்திற்குப் பங்காளியாதல் கூடும். நம் களத்து உளுந்தாயின், அது எவர் வயலில் விளைந்தது என்பதையும் நாம் சொல்லலாம். அச்சொல்லே நமக்கு முதல்.

என் பிழைகள்

அன்பர்களே! இனி என் வெட்கத்தைச் சிறிது வெளியிடுகின்றேன். யான் இத்தொழிலைத் தொடங்கிய முதலாண்டு ஐப்பசி மாதம், அடைமழைக் காலம். தீபாவளிக்கு முன் மாவைக் கடைகளிற் சேர்த்துவிட வேண்டும் என்னும் அவாவினால், இயந்திரத்தினின்று இறங்கிய மாவைச் சூடு ஆறுமுன்னரே உறையிலிட்டு ஒட்டிவிட்டேன். சூட்டில் எழுந்த ஆவி உறைக்குள்ளேயே நீராகப் படிந்தது. மூன்று வாரங் கழித்துச் சிதம்பரத்து மளிகைக்கடையார் ஒருவர் என்னை அழைத்து, ஓர் உறையைக் கத்தரித்து மேசைமேற் கொட்டினார். மாவு கட்டி கட்டியாயிருந்தது. நடுவில் சாம்பல் நிறப் பூஞ்சை. அவர் என்னை வையவில்லை. “தம்பி, இதை ஒரு பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுத்திருந்தால்?” என்று மட்டுமே கேட்டார். பூஞ்சையில் உண்டாகும் சில நச்சுகள் அடுப்பிற் காய்ச்சினாலும் அழியா என்பதைப் பின்னரே கற்றேன். அன்று மீட்டுக் கொணர்ந்த உறைகள் அனைத்தையும் குழிதோண்டிப் புதைத்தேன். மாட்டிற்கும் இடவில்லை.

மற்றொன்று. எனக்கு அப்பொழுது சொந்த இயந்திரமில்லை. ஊர் மாவுமில்லில் மிளகாய் அரைத்ததன்பின் என் பயற்றை இட்டேன். துடைத்துவிட்டோம் என்றார்கள், யானும் நம்பினேன். கஞ்சிமாவு வாங்கிய தாய் ஒருவர் மறுநாளே திருப்பிக் கொணர்ந்தார். குழந்தை வாயில் வைத்தவுடன் அழுததாம். அன்று முதல், விடியற்காலையில் மில் திறந்தவுடன் முதல் ஈடு என்னுடையதாக இருத்தல் வேண்டும் என ஏற்பாடு செய்துகொண்டேன். அதிலும் முதலில் இறங்கும் இரண்டு கிலோ மாவைத் தனியே ஒதுக்கிவிடுவேன்.

இப்பிழைகளினின்று யான் கற்ற முறையைச் சுருங்கக் கூறுகின்றேன். உளுந்தைப் புடைத்துக் கல்லும் மண்ணும் நீக்குக. கடித்தால் ‘கடக்’ என்று ஒடியும்வரை வெயிலில் உலர்த்துக. நசுங்குமாயின் இன்னும் ஈரமுண்டு. வாசம் எழும்வரை சிறுதீயில் வறுத்து, முற்றும் ஆறவிட்டு அரைக்க. அரைத்த மாவைத் தூய துணியின்மேற் பரப்பி, கை வைத்தால் குளிர்ந்திருக்கும்வரை காத்திருக்க. பின்னர்ச் சலித்து, காந்தத்தை மாவின்மேற் செலுத்துக. அரவைத் தட்டு தேய்ந்து உதிர்ந்த இரும்புத்துகள் அதில் ஒட்டுவதைக் கண்டால், இதுநாள்வரை யாம் உண்டது எத்துணை என வியப்பீர்கள். மழைநாளில் அரைக்கற்க. சேமித்த உளுந்தில் வண்டு துளைத்த மணி கண்டால் அம்மூட்டையை அரைக்கற்க. சிறிது அரைத்து, விரைந்து விற்று, மீண்டும் அரைக்க.

கணக்கு

நிற்க. தொழிலின் உயிர்நிலையாகிய கணக்கிற்கு வருவோம். 2025-26-ஆம் ஆண்டிற்கு உளுந்துக்கு அரசினர் விதித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அதனையே கொள்முதல் விலையாக வைத்துக்கொள்வோம். புதியவன், “கிலோ 78 ரூபாய், நூற்றுப்பத்துக்கு விற்றால் இலாபம்” என எண்ணுகின்றான். வெள்ளை மாவாயின், தோலும் குருணையும் போக நூறு கிலோவில் 68 கிலோ தேறியதென வைத்துக்கொண்டால், தானியத்தின் விலை மட்டுமே கிலோவுக்கு ஏறத்தாழ 115 ரூபாய் ஆகிவிடும். தோலும் குருணையும் மாட்டுத் தீவனமாகச் சிறிது பணம் தரும். எனினும் நூற்றுப்பத்துக்கு விற்றவன் கதி யாதென நீங்களே அறிவீர்கள்.

தோலுடன் கூடிய களிமாவில், தூசும் ஈரமும் போக 90 கிலோ தேறும் எனக் கொள்வோம். தானிய விலை கிலோவுக்கு 87 ரூபாய். வறுத்தல், அரைத்தல், உறை, கூலி, வண்டிச் செலவு யாவும் சேர்த்து 30 ரூபாய் என வைப்போம். கடையில் 160 ரூபாய்க்கு விற்று, அதிற் கடைக்காரர் ஐந்திலொரு பங்காகிய 32 ரூபாயை எடுத்துக்கொண்டால், நம் கைக்கு வருவது 128. மிச்சம் 11 ரூபாய். தொண்ணூறு கிலோவுக்கும் 990 ரூபாய். இவற்றுள் எட்டே எட்டு உறைகள் கெட்டுத் திரும்பினால் இழப்பு 1,024 ரூபாய்! இலாபம் முழுதும் போய், கையிலிருந்தும் இடவேண்டியதாகும். யான் கூறிய எண்கள் எடுத்துக்காட்டேயாம். தாங்கள் தங்கள் ஊர் விலையை இட்டுப் பாருங்கள். ஆனால், அதன் உண்மை மாறாது. தூய்மை என்பது இத்தொழிலில் அறம் மட்டுமன்று, இலாபமும் அதுவே.

இக்கணக்கிலேயே மற்றொரு வழியும் தெரிகின்றது. கடைக்குச் செல்லும் 32 ரூபாயில் ஒரு பகுதியை, நேரே விற்பவன் தானே பெறலாம். நெய்வேலி நகரியமும், சிதம்பரமும், அண்ணாமலைநகரும் நமக்கு அணிமையிலேயே உள்ளன. மாதந்தோறும் ஐம்பது வீடுகளுக்கு நேரே கொண்டுசெல்பவன், ஐந்து பெரிய கடைகளுக்குக் கடன் கொடுத்தவனினும் நிம்மதியாக உறங்குவான். வெளியூர்க் கடையொன்று என்னிடம் வாங்கிய சரக்கிற்கு இன்றுவரை பணம் தரவில்லை. கடன் அன்பை முறிக்கும் என்று அக்கடையின் சுவரிலேயே எழுதியிருந்தது. யான்தான் படிக்காமற் போனேன்.

சட்டமும் துணையும்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் இயற்றப்பெற்று 2011 ஆகஸ்டு முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டில் ஒரு மூலையில் மாவரைத்து விற்பாரும் அதன்படி பதிவு செய்துகொள்ளல் வேண்டும். தொழில் பெருகின் உரிமம் வேண்டும். பதினான்கு இலக்கங்கொண்ட அவ்வெண்ணும், பொருளின் பெயரும், எடையும், அரைத்த நாளும், பயன்படுத்தத்தக்க காலமும், விலையும், நம் முகவரியும் உறையின்மேல் இருத்தல் வேண்டும். இதனைச் சுமையென்று எண்ணற்க. முகவரியை அச்சிடத் துணிந்தவனே நாணயமுள்ளவன் என்று வாங்குவோர் அறிவர்.

கற்க விரும்புவோர்க்கு இடங்களும் உள்ளன. 1950-இல் மைசூரில் திறக்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் சிறிய பருப்பு உடைக்கும் இயந்திரங்களை ஆக்கியுள்ளனர். 1967-இல் திருவாரூரில் தோன்றிப் பின்னர் நெல் பதன ஆராய்ச்சி நிலையமாக இயங்கிய நிறுவனம், இன்று தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகின்றது. நம் மாவட்டத்திலேயே விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் உளது. மானியங்களும் உண்டு, 2020-இல் நடுவண் அரசு தொடங்கிய சிறு உணவுத் தொழில் திட்டத்தில், 10 இலட்சம் ரூபாய் எல்லைக்குட்பட்டு முதலீட்டில் நூற்றுக்கு 35 பங்கு மானியம் என வகுத்தனர். கடலூர் மாவட்டத் தொழில் மையத்திற் சென்று அவ்வப்போதுள்ள திட்டங்களைக் கேட்டறிக. ஆயினும், மானியத்தை நம்பி இயந்திரம் வாங்கி, வாங்குவாரின்றித் துருவேற விட்டாரை யான் கண்டிருக்கின்றேன். முதலில் வாங்குவோரைத் தேடுக, பின்னர் இயந்திரம், அதன்பின் மானியம். இம்முறை மாறினால் தொழில் கெடும்.

சங்கத்தின் கடமை

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பருப்பு, மிளகாய், எண்ணெய் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற விருதுநகரத்து வணிகர், தம் வாணிகத்தில் மகமை என்று ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பொதுநிதியாக்கினர். அத்தகைய ஈகையினாலும் வீடுதோறும் சேர்த்த பிடியரிசியினாலும் வளர்ந்த பள்ளிதான் 1889-இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை. காமராசர் கல்வி கற்றது அங்கேயாம். நாமும் அதனைப் பின்பற்றலாகாதா? விழாவிற்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் செலவிடும் பொருளில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்குவோம். சித்திரை மாதத்தில் உளுந்து மலிந்திருக்கும்பொழுது, தொழில் தொடங்கும் இளைஞர்க்கும் பெண்களுக்கும் சில மூட்டைகள் வாங்குமளவு அந்நிதியினின்று கடன் கொடுப்போம். தருமமாக அன்று, கடனாகவே கொடுப்போம். தருமமாகப் பெற்றவன் தலைகுனிவான்; கடனாகப் பெற்றுத் திருப்பியவன் நிமிர்ந்து நடப்பான். அவன் திருப்பிய பணம் அடுத்த ஆண்டு மற்றொருவனுக்குக் கைம்முதலாகும்.

ஆனால் ஒன்று. நம்மவர் அரைத்த மாவு என்பதற்காக நம்மவர் வாங்குக என்று யான் வேண்டமாட்டேன். உறவிற்காக ஒருமுறை வாங்குவர். இரண்டாம் முறை மாவே அவர்களை அழைத்தல் வேண்டும். உண்ணும் குழந்தைக்குச் சாதி தெரியாது, பூஞ்சைதான் தெரியும். எல்லா வீட்டு அடுப்பிலும் ஏறத்தக்க மாவை அரைப்பவனே நம் சமூகத்திற்கும் பெருமை தேடித்தருபவன்.

இளைஞர்களே! வரும் சித்திரையில் உங்கள் வீட்டு உளுந்து களத்திற்கு வரும். அனைத்தையும் விற்றுவிடாதீர்கள். ஒரே ஒரு மூட்டையை நிறுத்தி வையுங்கள். அதனை உலர்த்தி, வறுத்து, அரைத்து, கால் கிலோ உறைகளாக்கி, அறிந்த இருபது வீடுகளுக்குக் கொடுத்து, குற்றம் கூறுமாறு கேளுங்கள். புகழ்வாரைக் காட்டிலும் குற்றம் கூறுவாரைத் தேடுங்கள். அவ்வொரு மூட்டை தோற்றால், இழப்பு ஒரு மூட்டையே. வென்றால், அடுத்த ஐப்பசியில் நம் கடைகளில் தொங்கும் உறையின் பின்புறத்தில், நூறு காதத்திற்கு அப்பாலுள்ள ஊரின் பெயருக்கு மாறாகச் சேத்தியாத்தோப்பு என்னும் பெயரை நம் தாய்மார் படிப்பர்.